தொடர் விளைவின்றி

தேவகோட்டைக் கிளைக்குப் புது மேலாளர் வந்ததும்
முதலில் கேட்டது ஃபேன் ரிப்பேருக்கு ஆள்.
அடுத்து, இரண்டு வருஷத்து வருகைப் பேரேடு.

அதிலிருந்து எனக்கு ஒரு தாள் வந்தது.
'நடத்துநர் சே. அடைக்கலம்
முன்னனுமதியின்றிப் பணிக்கு வராத நாட்கள் பதினான்கு.
ஏழு நாளுக்குள் விளக்கம் தராவிடில்
சொல்வதற்கு ஒன்றுமில்லை எனக் கொள்ளப்படும்.'

சொல்வதற்கு ஒன்றுமில்லை.
திருவாடானை போய்த் திரும்பும்வரை
இரண்டு விசிலுக்கு நடுவே
சொல்லிச் சொல்லிப் பார்த்தேன்.

சங்கத்து முத்தரசு டீ வாங்கித் தந்தார்.
"மெடிக்கல் போட்ருண்ணே. ஐநூறு ரூவாய்க்கு
மஞ்சக்காமாலை எழுதித் தர ஆள் இருக்கு."
தேதிகளைக் காட்டினேன்.
ஆடியில் மூன்று,
ஆவணியில் ஒன்று விட்டொன்றாய் நான்கு,
புரட்டாசியில் ஒரே மூச்சாய் ஐந்து,
ஐப்பசி மழையில் இரண்டு.
"விட்டு விட்டு வருமா காமாலை?"
முத்தரசு டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார்.

எனக்கு அவை தேதிகள் இல்லை, ஒரே கதவு.
மெட்ராஸில் இருக்கும் செட்டியாரின் பெரிய வீட்டில்
இரண்டாங்கட்டின் ஓர் அறை எங்களுக்கு வாடகை.
பர்மாத் தேக்கு. தட்டினால்
தட்டியவன் காதுக்கு மட்டும் கேட்கும்.
உள்ளே ரெஜினா, பதினோராம் வகுப்பு,
தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு.
அவள் அம்மா சிங்கப்பூரில்
யார் பிள்ளைக்கோ சோறூட்டிக்கொண்டிருந்தாள்.

நான் வெளியே சிவப்புத் தரையில்
தட்டில் சோற்றோடு உட்கார்ந்திருந்தேன்.
என்ன நடந்தது என்று கேட்கவில்லை.
"நான் இங்கதான் இருக்கேன்" என்று
மணிக்கொரு தரம் சொன்னேன்,
நிறுத்தம் வந்தால் பேர் சொல்வதுபோல.

அவள் பள்ளிக்கு எழுதிய கடிதங்களிலேயே
காய்ச்சல், வயிற்றுப்போக்கு, கண்வலி எல்லாம்
செலவாகிவிட்டன.
எனக்கென்று எழுத
ஒரு நோயும் மிச்சமில்லை.

பதினான்கில் ஒரு நாளுக்கு மட்டும் சாட்சி உண்டு.
புரட்டாசி ஐந்தின் கடைசி நாள்,
கதவு திறந்து, தலை சீவாமல் வந்து,
"எங்கயாவது போலாமாப்பா" என்றாள்.
தொண்டி வண்டியில் ஏறினோம்.
பாஸைக் காட்டவில்லை.
அன்று நான் கணக்கில் இல்லாத ஆள்.
செபமாலை என்னை ஏற இறங்கப் பார்த்து
முழு டிக்கெட் இரண்டு கிழித்தான்.
கடலைப் பார்த்து அவள் ஒன்றும் சொல்லவில்லை.
வறுத்த மீன் தின்றாள்.
இரண்டாவது தட்டும் கேட்டாள்.

காரைக்குடி அலுவலகத்தில் விசாரணை.
அதிகாரி கெட்டவர் இல்லை, கண்ணாடியைத் துடைத்தார்.
"வீட்ல யாருக்கும் உடம்பு முடியலையா?"
"வீட்ல ஆள் தேவைப்பட்டுச்சு சார்."
"யாருக்கு?"

சட்டைப் பையில் அந்த டிக்கெட்.
எடுத்து வைத்தால்
மீன் தின்னப் போனவன் ஆவேன்.
பேர் சொன்னால்
அவள் ஒரு கோப்பில் பக்கம் நாற்பத்தொன்று ஆவாள்.
"எனக்குத்தான் சார்" என்றேன்.
'காரணம் திருப்திகரமாக இல்லை' என்று எழுதிக்கொண்டார்.
நானும் அப்படித்தான் எழுதியிருப்பேன்.

மாசக் கடைசியில் ஆணை வந்தது:
ஊதிய உயர்வு ஆறு மாதம் நிறுத்தம்,
தொடர் விளைவின்றி.

நர்சிங் காலேஜிலிருந்து லீவுக்கு வந்தவள்
டிபன் டப்பா தேடுகிறேன் என்று என் பையைத் துழாவி
அதை எடுத்துவிட்டாள்.
தேதிகளை விரலால் தொட்டுத் தொட்டு வந்தாள்.
புரட்டாசியில் விரல் நின்றது.

"தொடர் விளைவின்றின்னா?"
"இதோட போச்சுன்னு அர்த்தம்."

கொஞ்ச நேரம் கழித்து, ஃபோனில் கணக்குப் போட்டு,
"ஐயாயிரத்து நானூறு, வகுத்தல் பதினாலு.
ஒரு நாளுக்கு முந்நூத்தி எண்பத்தஞ்சு ரூவா
எழுபத்தோரு பைசா" என்றாள்.
குரல் ஒரு மாதிரி இருந்தது.

இருபது வருஷப் பழக்கம்,
வாய் தானாகச் சொல்லிவிட்டது:
"சில்லறை இல்லம்மா.
எறங்கும்போது வாங்கிக்க."