எதில் வந்தீர்கள்

மூன்றாம் வாயிலில் என்னை நிறுத்தினார்கள்.
ஆரஞ்சுச் சட்டை, அட்டையில் செருகிய படிவம்,
நூலில் கட்டிய பேனா.
போஸ்னானில் அன்றைய ஆகஸ்ட் வெயில்
ஏரியைத் தகரமாக அடித்து வைத்திருந்தது.
தொலைவில் எட்டுத் துடுப்புகள் ஒன்றாக விழுந்து
ஒன்றாக எழுந்தன.
நான் பார்க்கவில்லை. என் வேலை
வருகிறவர்களின் முகம் பார்த்து
ஒரே ஒரு கேள்வி கேட்பது:
எதில் வந்தீர்கள்?

பெர்லினிலிருந்து ரயிலில் என்றார் ஒருவர்,
பரிசு ஏதாவது தருவேன் என்பது போல நின்றார்.
காரில்தான் என்றாள் ஒருத்தி,
கண்ணைத் தாழ்த்தி, மூன்று பேர் என்று சேர்த்தாள்.
பின்னால் யாரும் இல்லை.
பொய்க்குப் படிவத்தில் கட்டம் கிடையாது.
சொன்னதை எழுது என்பது விதி.

சிலியின் தென்கோடியிலிருந்து வந்த ஓர் அம்மா
விரல் மடக்கினாள்: நான்கு விமானம், ஒரு பேருந்து,
பிறகு டிராம்.
மகள் படகேறி ஒன்பது வருஷமாம்,
ஒரு தடவைகூட நேரில் பார்த்ததில்லையாம்.
எழுதினேன். நான்கு.
அழுத்தி எழுதியதில் தாள் கிழிந்தது.

ஒரு சிறுவனையும் கேட்டேன், விளையாட்டாக.
"அப்பா தோளில்" என்றான்.
'இதர' என்ற கட்டத்தில் குறித்துக்கொண்டேன்.

இரவு, பல்கலைக்கழகத்தின் நிலவறையில்
வின்ட்சென்டி குப்பையைக் கொட்டிப் பிரித்தான்.
மூக்கில் துணி, முழங்கை வரை கையுறை.
கசங்கிய கொடி, ஒற்றைச் செருப்பு,
பாதி தின்ற சாசேஜ்.
ஒவ்வொன்றுக்கும் ஒரு வாளி, வாளிக்கு ஓர் எடை.
"என்ன படிக்கிறாய் என்று வீட்டில் கேட்டால்
இந்த நாற்றத்தைத்தான் காட்டணும்."

போட்டிக் குழுவிலிருந்து டிபோவ்ஸ்கி வந்தார்.
பத்துக் கோப்பையில் ஒன்பது திரும்பிவிட்டன என்றதும்
கை தட்டினார், தனியாக.
அறிக்கையின் அட்டையில் கோப்பைப் படம் போடலாம் என்றார்.
முனைவர் ஹல்ஷ்கா பதில் சொல்லவில்லை.
பச்சைக் காகிதத்தில் ஒரு நறுக்கு வெட்டினார்,
சுண்டுவிரல் நகத்தின் அகலம்.
"இது உங்கள் கோப்பைகள்."
சிவப்புக் காகிதம் சுருளாக இருந்தது.
மேசை நெடுக உருட்டிவிட்டார்.
விளிம்பு தாண்டித் தொங்கி, தரையைத் தொட்டு
டிபோவ்ஸ்கியின் ஷூ வரை போனது.
"இது, ஜனங்கள் வந்ததும் போனதும்."

கொஞ்ச நேரம் குளிர்பெட்டி மட்டும் முனகியது.
"இதைக் கடைசிப் பக்கத்தில் வைக்கலாமே?"
"அளந்து கொடுப்பது எங்கள் வேலை" என்றார் ஹல்ஷ்கா,
"மடித்துக் கொடுப்பது இல்லை."

எனக்கோ அந்தச் சிவப்பின் நீளத்தில்
சிலி அம்மா எங்கே இருக்கிறாள் என்று தேடத் தோன்றியது.
அவள் வராமலே இருந்திருக்க வேண்டுமா?
கேட்டேவிட்டேன்.
ஹல்ஷ்கா ஒரு நுனியை மட்டும் கிள்ளிக் காட்டினார்.
"அவளைப் போன்றவர்கள் இவ்வளவுதான்.
இதை நான் தொடமாட்டேன்.
மீதியைப் பார்.
இரவு ரயில் ஓடும் ஊர்களிலிருந்து பறந்து வந்தவர்கள்,
அறை கிடைக்காமல் தொண்ணூறு கிலோமீட்டர் தள்ளித் தங்கி
தினமும் காரில் வந்து போனவர்கள்.
இங்கே நம் விடுதிகளில் ஆகஸ்ட் முழுக்க
இரண்டாயிரம் கட்டில்கள்
மெத்தையைச் சுருட்டிக்கொண்டு சும்மா கிடக்கின்றன."

மூன்று கேட்டோம்:
விடுதி. நுழைவுச்சீட்டோடு ரயில்சீட்டு.
கார் நிறுத்துமிடம் பாதியாக.
ஒன்று கிடைத்தது.

அடுத்த கோடையில் நான் வாயிலில் இல்லை,
விடுதி முகப்பில், சாவிக்கொத்தோடு.
இரண்டாம் நாளே லிஃப்ட் நின்றுபோனது.
கட்டிலில் கால் நீட்ட முடியாத நார்வேக்காரர் ஒருவர்
மெத்தையைத் தரையில் போட்டுப் படுத்தார்,
புகார் எழுதவும் பேனா கேட்டார்.
காலையில் ஆனால் எல்லாரும் ஏரிக்கு நடந்தார்கள்.
சிவப்புத் தாள் இன்னும் தரையைத் தொடுகிறது.
ஷூ வரை போகவில்லை. அவ்வளவுதான்.

முதல் ஆண்டு அறிக்கை என் மேசையில் இருக்கிறது.
நாற்பத்தோராம் பக்கம், அடியில், சின்ன எழுத்தில்:
இதர வழி, தந்தையின் தோள், ஒருவர்,
கரியமிலம் சுழியம்.

சுழியம் தப்பு என்கிறான் வின்ட்சென்டி.
அந்த அப்பா காலையில் என்ன சாப்பிட்டார் என்று
நான் கேட்டிருக்க வேண்டுமாம்.