நிலக்கரிக் கணக்கு

ஆசிரியர் கூட்டத்தில் குறிப்பெழுதுவது என் வேலை.
பத்தொன்பது வருடம்.
எந்தக் கூட்டத்திலும் எதுவும் நடக்கவில்லை என்பதை
முத்து முத்தான கையெழுத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

நரின் ஆறு உறைந்த மாதத்தில்
பிஷ்கெக்கிலிருந்து வந்தார் உல்கான், புதிய தலைமையாசிரியை,
கையில் நீலக் கோப்பு.
மேம்பாட்டுத் திட்டம், நாற்பது பக்கம்,
ஆளுக்கொரு பிரதி.
ஒரே வாரத்தில் என் பிரதியின் மேல்
தேநீர்க் கோப்பையின் வட்டம்.
எல்லாப் பிரதிகளிலும் வட்டம்.
மேசை மேசையாக நடந்து பார்த்தார்.
ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த கூட்டத்துக்குக் கோப்பில்லாமல் வந்தார்.
"ஏழாம் வகுப்பு ஏன் கணக்கில் தோற்கிறது?
எனக்குத் தெரியவில்லை."
தெரியவில்லை என்று ஒரு தலைமையாசிரியர் சொல்லி
நான் எழுதியது அதுதான் முதல் முறை.
பேனா கொஞ்சம் தயங்கியது.

"சோம்பேறிகள்," என்றார் கணக்கு வாத்தியார் தொக்தோசுன்.
"என் வகுப்பில் இல்லையே," என்றாள் சைரகுல்.
அதற்குப் பின் நடந்ததைக் குறிப்பில்
'கருத்துப் பரிமாற்றம்' என்று எழுதினேன்.

"போய் உட்கார்ந்து பார்க்கலாமா?"
"என் வகுப்பிலா?" தொக்தோசுனின் காது சிவந்தது.
"முதலில் என் வகுப்பில்," என்றார் உல்கான்.

குட்டி நாற்காலிகளில்
முழங்கால் மோவாயை முட்ட
மூன்று பேர் கடைசி வரிசையில்.
அவரே கேட்டார், அவரே பதில் சொன்னார்,
நாற்பது நிமிடமும் கரும்பலகையோடுதான் பேச்சு.
மணி அடித்ததும் சைரகுல் அதை முகத்துக்கு நேரே சொன்னாள்.
உல்கான் கேட்டுக்கொண்டார்,
சுண்ணாம்புக் கட்டியை இரண்டாக ஒடித்தபடி.

மறுநாள் தொக்தோசுன் கதவைத் திறந்து வைத்தார்.
காலை எட்டேகால்.
பெகிமாய் ஒரு எண் எழுதுவாள்,
பென்சிலை வைப்பாள்,
இரண்டு கையையும் தொடைக்கடியில் செருகிக்கொள்வாள்.
பிறகு இன்னொரு எண்.
பக்கத்துப் பையன் ஏழு போட்டால்
அது ஒன்றா ஏழா என்று அவனுக்கே தெரியாது.
தொக்தோசுன் வெகுநேரம் அவன் நோட்டைப் பார்த்தார்.
கடைசி வரிசைக்கு வந்து
என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

கணக்காளர் ஜூராவைக் கூப்பிட்டோம்.
அவளிடம் நிலக்கரிப் பேரேடு இருந்தது:
இருப்பு குறைவு, ஏழரைக்குத்தான் அடுப்பு.
கொதிகலன் அறையிலிருந்து எர்மெக் வந்தான்,
இருபத்திரண்டு வயது, வாசலைத் தாண்டாமல் நின்றான்.
"பத்து மணிக்குத்தான் அந்தச் சுவர் சூடாகும்.
பிள்ளைகள் என்னிடம் கை காய்ச்ச வருகிறார்கள்.
யாரும் கேட்கவில்லை."
பழைய குறிப்பேடுகளைப் புரட்டினேன்.
வருகைப் பட்டியல் ஒன்றிலும் அவன் பெயர் இல்லை.
பட்டியல் போட்டதெல்லாம் நான்.

கரி வாங்கப் பணம் இல்லை.
இருட்டும்வரை சண்டை.
கணக்கை மூன்றாம் வேளைக்குத் தள்ளலாம்,
குளிர் வேளையை யார் எடுப்பது?
எல்லோரும் ஜன்னலைப் பார்த்தோம்.
"வரலாறு குளிர் தாங்கும்," என்று
ஒரு குரல் கேட்டது. என்னுடையதுதான்.
கைகள் பைக்குள் இருக்கட்டும்,
வாய் மட்டும் போதும் என் பாடத்துக்கு.

பிப்ரவரித் தேர்வில் ஐந்து பேர் கூடுதலாகத் தேறினார்கள்.
நான்கு பேர் தேறவில்லை.
ஒருவன் அப்பாவோடு ரஷ்யா போய்விட்டான்.
அந்த நால்வரில் இருவர் சோம்பேறிகள்தான் என்கிறார் தொக்தோசுன்,
இப்போது கொஞ்சம் மெதுவாக.

மார்ச்சில் வந்த ஆய்வாளர்
"யாருடைய யோசனை?" என்று கேட்டார்.
உல்கான் என்னைப் பார்த்தார்.
நான் அந்தப் பக்கத்தைத் திறந்தேன்:
ஜூராவின் கூட்டல்,
சைரகுல் அடித்துத் திருத்திய அட்டவணை,
தொக்தோசுனின் கேள்விக்குறி,
ஓரத்தில் கரி படிந்த ஒரு பெருவிரல்.
என் கையெழுத்து நாலே வரி.

சுத்தப் பிரதி கேட்டார்.
இல்லை என்றேன்.

அடுத்த கூட்டம்: வியாழன், மூன்று மணி.
பொருள்: எட்டாம் வகுப்பு ஏன் மதியத்தில் தூங்குகிறது.
வருகை: எர்மெக்,
பிறகு மற்றவர்கள்.