ஆளுக்கு ஐந்து லிட்டர்

ஷார்ஜா ரோலாவில்
ஆறு பேருக்கு ஒரே குளிர்ப்பெட்டி இருக்கும் வீட்டில்
சமையலறை மேசையில் மலையை விரித்தேன்.
அலுவலகத்துக்குத் தெரியாமல் அச்செடுத்த தாள்.
ஹத்தா அணை, நீண்டு வளையும் அதன் நீர்க்கைகள்,
மேலே கூடவே வரும் ஒரு முகடு.

எட்டு வருஷமாய்ச் சமக்கோடு வரைகிறேன்,
யாரோ தட்டையாக்கப் போகும் மண்ணுக்கு.
ஏறுவதற்கென்று வரைந்தது இதுதான் முதல்.

"கோடுகள் நெருங்கிக் கிடந்தால் செங்குத்து" என்றேன்.
பருப்புக்குத் தாளித்தபடி நஸீமா எட்டிப் பார்த்தாள்:
"நம்ம கட்டில்கள் மாதிரி."

மூன்று பகல், இரண்டு இரவு.
பிப்ரவரிக்குள் போகவேண்டும்,
அப்புறம் பாறை கைவைக்க விடாது.
மருந்துக்கடைத் தராசைக் கொண்டுவந்திருந்தாள் நஸீமா.
பல்துலக்கியைப் பாதியாய் உடைத்து
பதினோரு கிராம் லாபம் என்று எழுதினாள்.
ஊறுகாய் பாட்டிலை மட்டும்
நிறுக்கவே இல்லை.

அதுவரை வாய் திறக்காத திரவியம் கேட்டான்:
"தண்ணி?"

"அதான் பக்கத்திலேயே ஏரி."

தாளில் பக்கம்தான். ஒன்றரை விரற்கடை.
அதற்குள் இருபத்தெட்டு கோடு,
விரல் வைத்து எண்ணிக் காட்டினேன்.
மூன்று நாளும் நீலத்தைப் பார்த்துக்கொண்டே நடக்கலாம்,
நாக்குக்கு ஒரு சொட்டு வராது.
ஆளுக்கு நாளைக்கு ஐந்து லிட்டர்,
முதுகில்.

திரவியம் சிரித்தான்.
அல் நஹ்தாவில் வீடு வீடாய்
இருபது லிட்டர் கேன் போடுகிறவன்,
வலத்தோள் இடத்தோளைவிட ஒரு விரல் தாழ்ந்தவன்.
"மூணாவது மாடி வரைக்கும் அது தண்ணி.
அதுக்கு மேல வேற எதுவோ."

பென்சிலை வாங்கினான்.
"வண்டி எதுவரை போகும்?"
"இந்தப் பள்ளம் வரை."
"அங்கேயிருந்து முகட்டுக்கு?"
"பதினாலு கோடு."
"அப்ப பதினாலு மாடி" என்று
ஒரு புள்ளி வைத்தான்.

ஒரு கோடு என்றால் பத்து மீட்டர்,
குறைந்தது மூன்று மாடி.
சொல்லியிருக்க வேண்டும்.
பருப்பு ஆறுகிறது என்று தாளைச் சுருட்டிவிட்டேன்.

புதன்கிழமை ராத்திரி அவன் குரல் செய்தி:
லீவை வெட்டிட்டாங்க, ஆள் இல்லையாம்.
நீங்க போங்க.
போன வாரமே புள்ளியில வச்சிட்டேன்.

போனோம்.
சப்காவில் பஸ், ஜன்னலோரம் தூக்கம்,
பிறகு கால்களுக்குக் கீழே ஓயாமல் சரியும் கல்.
ஏரியில் படகுகள்
கொட்டிப்போன மாத்திரைகள் என்றாள் நஸீமா.
அன்றிரவு குளிரில்
ஊறுகாயை விரலால் தொட்டுத் தொட்டு
நட்சத்திரத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை,
கொப்புளத்தைப் பற்றியே பேசினோம்.

இரண்டாம் நாள் நடுப்பகல்.
என் பாட்டிலில் இரண்டு மடக்கு.
புள்ளி வந்தது:
ஒரு குட்டை வேலமரம், அடுக்கிய கற்கள்,
உள்ளே நீல மூடி.
இரண்டு கேன்.
அப்படியென்றால் இரண்டு முறை ஏறியிருக்கிறான்.

மூடியில் ரப்பர் வளையம் போட்டு
வழக்கமான டெலிவரி சீட்டு:
பெயர்: தாட்சாயணி, நஸீமா, நான்.
லிஃப்ட்: இல்லை.
மாடி: 42.

நாற்பத்திரண்டு.
நஸீமா குடித்துவிட்டு நீட்டினாள்.
சீட்டை வைத்துக்கொண்டு
வெகுநேரம் வாங்காமல் இருந்தேன்.

ஒரு கேனைத்தான் தீர்த்தோம்.
மற்றதை அவன் அடுக்கியபடியே அடுக்கி மூடி
தாளில் அவன் புள்ளியைச் சுற்றி வட்டம் போட்டு
எழுதினேன்: மார்ச் முதல் வெள்ளி,
லீவு கிடைத்தால்.

காலி கேன் டெபாசிட் பத்து திர்ஹம்,
விட்டுவர முடியாது.
மூட்டையின் மேல் கட்டிக்கொண்டேன்.
எடையே தெரியவில்லை.
முகட்டில் காற்று அடிக்கும்போதெல்லாம்
முதுகுக்குப் பின்னால்
டம் டம் என்றது.