நான்கு கிராம்

ட்ரொம்சோ மருத்துவமனையில், கட்டியை எடுத்த மறுநாள்
டாக்டர் ராக்ன்ஃப்ரிட் ஒரு காகிதக் கோப்பையின் மேல்
பேனாவால் வரைந்து காட்டினார்.
மூளையின் அடியில், நட்டநடுவில்,
இரு கண்களின் நரம்பும் குறுக்கே கடக்கும் இடத்துக்கு மேலே,
காம்பு ஒன்றில் பிட்யூட்டரி தொங்க,
பாதாம்பருப்பு அளவில்: ஹைப்போதலாமஸ்.
நான்கு கிராம் இருக்கும் என்றார்.

நான் மீன் எடைபோடுகிறவன்.
எங்கள் தராசு நான்கு கிராமை
ஈரம் என்று தள்ளிவிடும்.

எப்போது வியர்ப்பது, எப்போது நடுங்குவது,
உடம்பில் எவ்வளவு தண்ணீரை நிறுத்திவைப்பது,
எந்த வயதில் குழந்தை குழந்தையாக இருப்பதை விடுவது,
எல்லாவற்றுக்கும் அங்கிருந்துதான் உத்தரவு.
கட்டி அதை ஒட்டியே வளர்ந்திருந்தது.
பிரித்தார்கள். முழுதாய்ப் பிரியவில்லை.

சுன்னிவாவுக்குப் பதினொன்று.
தண்ணீர் நிற்க மூக்கில் மருந்து அடிக்கிறோம், காலையும் இரவும்.
அடிக்க மறந்தால் குழாயடியிலேயே நிற்பாள்.
கண் நரம்புக் கடவைக்கு மேல்
வெளிச்சம் பார்த்து நாளை எண்ணும் இரண்டு புள்ளிகள் உண்டாம்.
வார்டோவில் நவம்பர் கடைசியில் போன சூரியன்
ஜனவரியில்தான் வரும்; இங்கே யாருக்குமே அவை கொஞ்சம் தடுமாறும்.
அவள் பகல் இரண்டு மணிக்கு உறங்கி
இரவு இரண்டு மணிக்கு முழு விழிப்பாய் நடக்கிறாள்.

அதெல்லாம் பழகிவிட்டது.
பழகாதது ஒன்று.
வயிறு நிறைந்ததும் உள்ளிருந்து யாரோ
"போதும்" என்பார்களே,
அந்த ஆள் இல்லை.

ஃப்ரிட்ஜுக்குப் பூட்டு போட்டேன்.
படகுத்துறைப் பூட்டு, உப்பில் துருப்பிடிக்காதது.
பக்கத்து வீட்டு ஓட்டார் அதைப் பார்த்துவிட்டு
ஒன்றும் சொல்லாமல் காபி குடித்தார்.
சாவியை முதலில் சட்டைப் பையில் வைத்தேன்,
பிறகு ரொட்டிமாவு டப்பாவில் (முட்டாள்தனம்),
பிறகு என் கடல் பூட்ஸுக்குள்.

நேற்றிரவு சமையலறையில் சத்தம்.
விளக்குப் போடாமல் போனேன்.
ஃப்ரிட்ஜ் முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தாள்,
கையில் சாவி. பூட்டு பூட்டியபடியே.
எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை,
கால்விரல் பனிக்கட்டி; குளிர்கிறதா என்றேன்,
தெரியலை என்றாள். அதுவும் அந்த நான்கு கிராமில்தான்.

சாவியை நீட்டினாள்.
"பூட்ஸுல வைக்காதே அப்பா. ஈஸியா கிடைக்குது."
நான் பேசவில்லை.
"திறந்திருந்தா அதையே நினைச்சிட்டிருப்பேன்.
பூட்டியிருந்தா
நடுநடுவுல வேற ஏதாவது நினைக்க முடியுது."

"என்ன நினைப்பே?"

யோசித்தாள்.
"பீரங்கி," என்றாள்.
சூரியன் முழுசாய்த் தெரியும் நாளில்
கோட்டையில் வெடிப்பார்களே, பள்ளிக்கூடம் லீவு விடுவார்களே, அது.
இன்னும் பதினாறு நாள்.

சாவியைக் கழுத்துச் சங்கிலியில் கோத்துக்கொண்டேன்.
அவள் பாதங்களை என் வயிற்றில் வைத்துச் சூடாக்கினேன்.
ஃப்ரிட்ஜ் ஒருமுறை உறுமி நின்றது.
இருவரும் அதைப் பார்த்தோம்.