ஒற்றைக் கோடு

அமிர்தகடேசன் எம்.எல்.ஏ. ஆன பிறகும்
மேசையை இரண்டு தட்டுத் தட்டி
"ரைட்டர்" என்றுதான் கூப்பிடுகிறார்.
ஓய்வுபெற்று ஆறு வருஷம் ஆகிறது எனக்கு.
எழுந்துவிடுகிறேன்.

அலுவலகம் முன்பு உரக்கடை.
சுவரில் இன்னும் யூரியா வாடை.
மனுவோடு வருகிறவர்களிடம்
"உக்காருங்க" என்கிறார்.
அது உத்தரவு மாதிரி விழுகிறது.
உட்கார்கிறார்கள், நாற்காலி நுனியில்.

சட்டமன்றத்தில் நன்றாகப் பேசுவதாகச் சொல்கிறார்கள்.
எனக்கு அது குற்றப்பத்திரிகை வாசிப்பதாகத்தான் கேட்கும்.
தேதி, நேரம், இடம், இடத்துக்கு எந்தத் திசை.
ஏட்டுகளுக்கு வார விடுப்பு கேட்டார்.
வாய்க்கால் தூர் வாரியதில்
எத்தனை லோடு மண், எத்தனை லோடுக்குப் பில் என்று கேட்டு
லாரி எண்களை ஒவ்வொன்றாய் வாசித்தார்.
அதில் இரண்டு ஸ்கூட்டர்.
சிரிப்பு எழுந்தது; அவைக்குறிப்பில்
அடைப்புக்குறிக்குள் அச்சாகியும் வந்தது.
இன்னொரு நாள் கோபத்தில் ஒரு சொல் விட்டார்.
பேரவைத் தலைவர் நீக்கிவிட்டார்.
சொல் இருந்த இடத்தில் மூன்று நட்சத்திரம்.
ஊர் வந்ததும் காட்டினார்:
"பாத்தியா ரைட்டர்,
ஸ்டேஷன்ல நமக்கு இந்த வசதி இல்லாமப் போச்சு."

நான் சிரிக்கவில்லை.
எனக்கு வேறு ஒரு பக்கம் ஞாபகம் வந்தது.

கோரையாற்று ரெகுலேட்டர்.
புரட்டாசியிலும் தண்ணீர் வராமல்
நாற்றங்கால் பழுத்துக் கிடந்த வருஷம்.
ஷட்டரைத் தூக்கச் சொல்லி நாற்பது பேர்.
அவர் இன்ஸ்பெக்டர், வாயில் விசில்.
அதை ஊதினாரா, ஊதுமுன்பே லத்தி விழுந்ததா,
"மூன்று முறை எச்சரித்தும் கலையாததால்"
என்று எழுதினேன்.
சொன்னது அவர். கார்பன் வைத்தது நான்.
நூற்று நாற்பத்தேழு, முந்நூற்று நாற்பத்தொன்று,
முந்நூற்று ஐம்பத்து மூன்று.
முதல் எதிரி தம்புசாமி, தகப்பனார் பெயர் சோலை.
அவருடைய முழங்கைக்கு
அந்தத் தாளில் இடம் கிடைக்கவில்லை.

போன மாசம் அதே ரெகுலேட்டர்.
எம்.எல்.ஏ. சாலையில் உட்கார்ந்தார்,
மடங்காத முழங்காலோடு, என் தோளில் கையூன்றி.
எஸ்.ஐ. ஜெனோவாவுக்கு இருபத்தாறு வயசிருக்கும்.
சல்யூட் அடித்தாள். "சார், கைது பண்றேன்."
"மூணு தரம் எச்சரிக்கணும்மா.
மைக்ல. நேரம் குறிச்சுக்க."
எச்சரித்தாள்.
ஒவ்வொரு தரமும்
இவர் தன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார்.
மூன்றாவதற்கும் எழவில்லை.
தூக்கிப்போய் வேனில் வைத்தார்கள்.

கல்யாண மண்டபத்தில் அடைத்தார்கள்.
முந்தின நாள் முகூர்த்தத்து வாழை
வாசலில் வாடாமல் நின்றது.
புளிசாதப் பொட்டலம், தண்ணீர்ப் பாக்கெட்.
பந்திப்பாயில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது
தம்புசாமி.
இடது கையால் பொட்டலம் பிரித்தார்.
இடது கையாலேயே சாப்பிட்டார்.
"என் கேசு இன்னும் நடக்குதுங்க.
பதினெட்டு வருஷம். வெள்ளிக்கிழம வாய்தா.
நீங்க சாட்சி.
சம்மன் வந்திருக்குமே?"

வந்திருந்தது.
காதணி விழாப் பத்திரிகைகளுக்கு அடியில்
நான்தான் வைத்திருந்தேன்.

எம்.எல்.ஏ. ஒன்றும் சொல்லவில்லை.
பொட்டலத்திலிருந்த கடலைகளை மட்டும்
ஓரமாய் ஒதுக்கிக்கொண்டிருந்தார்.
ஆறு மணிக்கு எல்லோரையும் விட்டார்கள்.
காரில் ஏறியதும் டேஷ்போர்டை இரண்டு தட்டு.
"ரைட்டர், வெள்ளிக்கிழமை என்ன?"
"ரேஷன் கடைத் திறப்பு. காதணி ரெண்டு."
"அடிச்சுரு."

அடித்தேன். ஒற்றைக் கோடு,
கீழே இருக்கும் எழுத்து தெரிகிற மாதிரி.
அப்படித்தான் அடிக்கணும் என்று
அவர்தான் ஒருகாலத்தில் சொல்லியிருந்தார்.

கூண்டில் ஏறி என்ன சொல்லப்போகிறார் என்று
நான் கேட்கவில்லை.
வெண்ணாற்றுப் பாலம் தாண்டும்போது
கண்ணாடியை இறக்கிக் கீழே பார்த்தார்.
மணல்தான்.

சாட்சிப் பட்டியலில்
அவருக்கு அடுத்த பெயர் என்னுடையது.