மேல் நிலையத்துக் குறிப்பேடு

திபிலிசியில், ஆற்றைப் பார்த்த மூன்றாம் மாடியில்
எனக்கு வேலை படிவம் நிரப்புவது.
அறுவைக்கு முன் பார்வை. பின் பார்வை.
சிக்கல் உண்டா. குறிப்பு.
கடைசிக் கட்டம் பெரும்பாலும் காலி.

லம்சீரா, அறுபத்து மூன்று.
சியாத்துராவிலிருந்து மூன்று பஸ் மாறி வந்தவர்.
இருபத்தாறு ஆண்டு கீழ் நிலையத்தில்
கம்பிவண்டியின் நெம்புகோல் பிடித்தவர்;
மாங்கனீசுச் சுரங்கத்து ஆட்களைப்
பள்ளத்தாக்கின் மேல் தொங்கவிட்டு
அக்கரை சேர்த்த கை.

முன்: 0.1.
எழுத்துப் பலகையை அவர் பார்க்கவேயில்லை.
ஷ, ப. ம, ந, க. ருஷ்ய எழுத்துகளைக்
கடைசி வரி வரை ஒப்பித்தார்.
அந்தக் காலத்தில் பள்ளிக்குப் போன எல்லாருக்கும்
அது வாய்ப்பாடு மாதிரி.
வேலைக்கான வருடாந்திரச் சோதனையை
அதை வைத்தே கடந்திருக்கிறார்.
நான் அடுத்த பலகையைக் காட்டினேன். வெறும் வளையங்கள்,
ஒவ்வொன்றும் ஏதோ ஒரு பக்கம் வாய் பிளந்திருக்கும்.
எந்தப் பக்கம் திறப்பு?
"எல்லாம் முழு வட்டம்தானே," என்றார்.

காலையில்தான் மோசம், மதியத்துக்குள் கலைந்துவிடும்,
எங்க ஊர்ப் பனி அப்படி.

பனி இல்லை.
கருவிழியின் உள்பக்கச் செல்கள் ஒவ்வொன்றாய் உதிர,
இரவெல்லாம் மூடிய இமைக்குள் நீர் கோத்து
விடியும்போது கண்ணே வேர்த்த கண்ணாடி.
கூடவே புரை.

ஒரே மேசையில் இரண்டும் முடிந்தது.
புரையை உடைத்து உறிஞ்சி, வில்லை வைத்து,
இறந்த ஒருவரின் கண்ணிலிருந்து
வெங்காயத் தோலினும் மெல்லிய படலத்தைச்
சுருளாய் உள்ளே விட்டார்கள்.
காற்றுக் குமிழி ஒன்று அதைத் தாங்கிப் பிடிக்க
இரண்டு நாள் மல்லாந்து கிடந்தார்.
கூரைக் கசிவைப் பற்றி மட்டும் புகார்.

மூன்றாம் மாதம்.
வலக்கண்ணில் பீங்கான் கோப்பை நீலம் போட்ட வெள்ளை,
இடக்கண்ணில் அதே கோப்பை தேநீரில் ஊறியது.
மாற்றி மாற்றிப் பொத்திப் பார்த்து
"எந்தக் கண் பொய் சொல்லுது?" என்றார்.
அதற்குப் படிவத்தில் கட்டமில்லை.

படிக்க, வீட்டிலிருந்து எதையாவது கொண்டுவரச் சொல்வோம்.
மருந்துச் சீட்டு, மின் கட்டண ரசீது.
லம்சீரா பச்சை அட்டைக் குறிப்பேடு ஒன்றை எடுத்தார்.
நிலையத்தை இடித்தபோது மருமகன் பொறுக்கி வந்தது.
தன்னுடையது என்றே
ஜாம் பாட்டில்களுக்குப் பின்னால் வைத்திருந்தாராம்.

"மார்ச் ஒன்பது. காலை ஏழு பத்து. வானம் தெளிவு."
"மார்ச் பத்து. தெளிவு. காற்றில்லை."
"மார்ச் பதினொன்று."
நிறுத்தினார்.
எழுத்து மங்கலா என்று கேட்டேன்.
இது குலீகோ கையெழுத்து, என்றார்,
மேல் நிலையத்தில் இருந்தவள்.

தினமும் முதல் வண்டிக்கு முன் தொலைபேசியில் கேட்பாராம்:
குலீகோ, அங்கே பனி இருக்கா?
இருக்குடி, கையை நீட்டினா கை தெரியல.
மெதுவா அனுப்பு. எப்ப நிறுத்தணும்னு நான் சொல்றேன்.
ஆறு குளிர்காலம்.

கூண்டுக்குள் நின்றபடி கொட்டாவி விட்டவர்களை நினைத்தேன்.
நூறு மீட்டர் ஆழம்,
இரண்டு பெண்கள், ஒரு கம்பி.
கோபம் வர வேண்டும் என்று காத்திருந்தேன்.
சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தேன்.

தாழ்வாரத்தில் நின்று எண்களை அழுத்தினார்,
என் உதவியில்லாமல்.
"குலீகோ, அங்கே பனி இருக்கா?"
மறுமுனையில் வெகுநேரம் ஒன்றுமில்லை.
பிறகு காது மந்தமானவர்களின் உரத்த குரல்,
எங்கள் வரிசை முழுக்கக் கேட்டது:
"ஆகஸ்ட்ல ஏதுடி பனி?
எப்ப பண்ணாங்க ஆபரேஷன்?"

பின்: 0.6.
சிக்கல்: விளக்கைச் சுற்றி ஒளிவளையம், லேசாக.
குறிப்பு: இடக்கண் நவம்பரில்.