அடையாளம் சொல்லிப் பெறலாம்

அம்பகாமம். எட்டாம் பாதை, மூன்றாம் சதுரம்.
கருவிக்கு ஆணியும் ஒன்று, சன்னக் கோதும் ஒன்று,
மிதிவெடியும் ஒன்று.
எல்லாவற்றுக்கும் ஒரே வீரிடல்.

முழந்தாளிட்டு, பக்கவாட்டில் இருந்து
விரலளவு விரலளவாய்ச் சுரண்டினேன்.
முகக்கண்ணாடியில் என் மூச்சே புகையாய் நின்றது.
பாலைவேர் ஒன்றின் கவட்டுக்குள்
கறுத்து, வட்டமாய்,
ஒரு காசு.

வெடிக்காத எதற்கும் எங்கள் படிவத்தில்
ஒரே ஒரு கட்டம்தான்.
'உலோகத் துண்டு: நாற்பத்தொன்று' என்று எழுதினேன்.
மேற்பார்வைக்கு நின்ற சுவேந்தினி
திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:
"இதை வாளிக்குள்ள போடாதை."

சனிக்கிழமை மாங்குளம் சந்திக்குப் போனேன்.
றெஜினோல்ட் அண்ணை போன் திருத்துவார், காசும் சேர்ப்பார்.
கழுவிக்கொண்டு வரட்டோ என்று முதல்நாளே கேட்டிருந்தேன்.
"ஐயோ, புளி போட்டு மினுக்கிப்போடாதை!
கறுப்புத்தான் அதின்ர வயசு."

போன் ஒன்றின் வயிற்றை மூடிவைத்துவிட்டு
காந்தத்தைக் கிட்டக் கொண்டுபோனார். ஒட்டவில்லை.
"இது மட்டும் காணாது" என்றார்.
விளிம்பை வெளிச்சத்துக்குப் பிடித்தார்:
செப்புக் கோடு ஓடினால் பிந்தின காசு,
ஓடாவிட்டால் வெள்ளி.
ஓடவில்லை.
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்துநாலு.
அமெரிக்கா. அரை டொலர்.
தராசில் பன்னிரண்டு தசம் மூன்று ஒன்று.
"புதுசில பன்னிரண்டரை நிக்கும்.
மிச்சம் தேஞ்சது, துளையில போனது."

துளை.
ஆளின் தலைக்கு நேர்மேலே,
எழுத்தொன்றைத் தின்றுவிட்டுக் கிடந்தது.
"இதால விலை விழுந்துபோச்சு" என்றார்.
"சேர்க்கிற ஆக்கள் தொடவும் மாட்டினம்.
வெள்ளிக்கணக்குத்தான், மூவாயிரத்து முன்னூறு தருவன்."

துளை இல்லாவிட்டால்?
"அப்பவும் அபூர்வமில்லைப் பிள்ளை,
கோடிக்கணக்கில அடிச்சுத் தள்ளினது."
இப்படித் துளை போட்டது எத்தனை இருக்கும்?
சிரித்தார். "அதுக்கு ஆர் கணக்கு வைச்சது!"

அவருடைய பூதக்கண்ணாடியை வாங்கிப் பார்த்தேன்.
எனக்குத் தெரிந்தது மண்ணும் விளிம்பும்தான்.
துளையின் மேலுதடு மட்டும் வழுவழு என்று
ஒரு பக்கமாய் நீண்டு தேய்ந்திருந்தது.
நூல் அறுத்த தேய்வு. ஒரு நாளில் வராது.
அரை டொலர், ஆரோ ஒரு பிள்ளையின்
அரையில் கிடந்திருக்கிறது.
தவழ்ந்து, விழுந்து, எழும்பி,
எத்தனை அரைநாண் மாறியதோ.

பிறகுதான் ஒன்று கவனித்தேன்.
நூலில் பிடித்தால் முகம் நேராய் நிற்கிறது.
மறுபக்கம் திரும்பினால்
செட்டை விரித்த கழுகு தலைகீழாய்த் தொங்குகிறது.
புத்தகம் பார்த்து இதைச் சொல்ல ஏலாது.
குளிப்பாட்டித் துடைத்த கைக்குத் தெரியும்.

விற்கவில்லை.
சங்கக்கடைச் சுவரில் கடதாசி ஒட்டினேன்:
'அம்பகாமத்தில் எடுத்த பழைய வெள்ளிக் காசு.
அடையாளம் சொல்லிப் பெறலாம்.'

ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்து
ராணியின் தலை என்றார்.
இன்னொருவருக்குத் துளைவரை தெரிந்திருந்தது,
மாங்குளத்தில் கதை பரவியிருக்க வேண்டும்.
பறவை எந்தப் பக்கம் பார்க்கும் என்று கேட்டேன்.
"மேல, வானத்தை" என்றார்.
தேத்தண்ணி கொடுத்து அனுப்பினேன்.

மாரி வந்து கடதாசி ஊறிப்போனது.
புதிதாய் எழுதி ஒட்டினேன்.
நேற்று றெஜினோல்ட் அண்ணை போன் எடுத்தார்:
"வெள்ளி ஏறிப்போச்சு, நாலாயிரம் தரலாம்."
நான் பாதையில் நின்றேன்,
கருவி வீரிட்டுக்கொண்டிருந்தது.
பிறகு எடுக்கிறேன் அண்ணை என்று வைத்துவிட்டு
முழந்தாளிட்டேன்.